இலையுதிர் காலப் பட்டியல்: உடை, சருமம், வீடு. எதை வாங்கலாம், எதை வெட்டலாம்?

நூல்கண்டு

காற்று உலர ஆரம்பித்துவிட்டது. இந்தப் பருவத்துக்கு ஆசைப்பட்ட பொருள்களை எழுதிப் பார்த்தேன், பன்னிரண்டு வந்தது. பாதியாவது குறைய வேண்டும். துணி, தோல், சருமப் பராமரிப்பு தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் முழுப் பட்டியலையும் போடுகிறேன்.

உடையில்: முழங்கால் வரை வரும் ஒட்டக நிறக் கம்பளிக் கோட், காஷ்மியர் (வெள்ளாட்டின் மென்மயிர்) ஸ்வெட்டர், கணுக்கால் பூட்ஸ், டிரெஞ்ச் கோட், கறுப்பு டைட்ஸ்.

சருமத்துக்கு: செராமைடு (சருமக் கொழுப்பு) கிரீம், ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), செங்கல் நிற லிப்ஸ்டிக்.

வீட்டுக்கு: ஃபிளானல் படுக்கை விரிப்பு, பட்டுத் தலையணை உறை, வாசனை மெழுகுவர்த்தி, சோஃபாவில் போட ஒரு போர்வை.

எதில் தாராளமாகச் செலவழிக்கலாம், எதில் கூடாது? கடையில் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்? பிராண்டு பெயர்கள் வேண்டாம். தரத்தை அடையாளம் காணும் வழிதான் வேண்டும்.

தறிக்காரன்

கோட்டிலிருந்து தொடங்குகிறேன். பட்டியலிலேயே அதிக நாள் உழைக்கப் போவது அதுதான். தவறாக வாங்கினால் அதிகம் வருத்தப்பட வைப்பதும் அதுதான்.

முதலில் உள்பக்க லேபிள். கம்பளி 80 சதவீதமும் மீதி நைலானும் இருந்தால் தயங்க வேண்டாம். தேய்மானத்தைத் தாங்கத்தான் நைலானைச் சேர்க்கிறார்கள். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் பாதிக்கு மேல் போனால் வைத்துவிடுங்கள். சூடும் குறைவு, கை உரசும் இடத்திலும் பை தொங்கும் இடத்திலும் சீக்கிரமே உருண்டைகள் திரளும். அந்த உருண்டைகள் உதிர்வதும் இல்லை. கம்பளி இழை பலம் குறைந்தது என்பதால் அதன் உருண்டை நாளடைவில் அறுந்து விழுந்துவிடும். செயற்கை இழை வலுவானது, உருண்டையைத் துணியோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து எடை. குளிரைத் தாங்கும் கோட்டுத் துணி சதுர மீட்டருக்கு 500 கிராமாவது இருக்க வேண்டும். கடைகள் பெரும்பாலும் இதை எழுதுவதில்லை. லைனிங் இல்லாத ஓர் இடத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் காற்றும் அந்த வழியாகத்தான் வரும். மெல்டன் துணி கிடைத்தால் நல்லது. நெய்த பிறகு ஈரத்திலும் அழுத்தத்திலும் திரளவைத்து, பாவும் ஊடையும் கண்ணுக்கே தெரியாதபடி மூடிவிடுவார்கள்.

'சூப்பர் 120', 'சூப்பர் 150' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண். சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 150 என்றால் 16.25 மைக்ரானுக்குள். மெல்லிய இழை சூட் (suit) துணிக்கு அழகு. தினமும் இருக்கையில் உரசும் கோட்டுக்கு அது பலவீனம்.

மார்புப் பகுதியை வெளித்துணி ஒரு கையிலும் உள்துணி ஒரு கையிலுமாகக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால் உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நழுவாமல் வெளித்துணியோடு விறைப்பாக ஒட்டியிருந்தால் அது பசையிட்ட உள்பட்டை. பசை வைத்ததெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மட்டமான பசை சலவைச் சூட்டில் விட்டுப்போய்க் காலரிலும் மார்பிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அளவு பார்க்கும்போது உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகு இழுத்தால் ஓர் அளவு பெரிது வேண்டும். கை நீளத்தையும் இடுப்பையும் தையல்காரர் சரிசெய்துவிடுவார். தோளை மாற்றுவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம், ஆகவே தோள் மட்டும் வாங்கும்போதே சரியாக உட்கார வேண்டும்.

இன்னொன்று. பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல ஒரு நூல் போட்டிருப்பார்கள், பைகளின் வாயையும் தைத்திருப்பார்கள். அவை கடைவரை மடிப்புக் கலையாமல் வருவதற்கு மட்டுமே. வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுங்கள். அப்படியே போட்டுக்கொண்டு நடந்தால் பிளவு பக்கத்தில் துணி கிழியும்.

கம்பளிமணி

ஸ்வெட்டருக்கு வருகிறேன். ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் என்றால் காஷ்மியரை விட்டு மெரினோவை (மெல்லிய செம்மறிக் கம்பளி) எடுங்கள் என்பதே என் பரிந்துரை.

காஷ்மியரின் மென்மைக்குக் காரணம் மெல்லிய இழை, சராசரியாக 19 மைக்ரானுக்குள் இருக்கும். ஆனால் அந்த ஸ்வெட்டர் எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இழையின் நீளம். விலை குறைந்த காஷ்மியரில் குட்டை இழைகளே அதிகம். அவற்றின் நுனிகள் நூலை விட்டு வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருண்டையாகும். இது லேபிளில் தெரியாது, கையில்தான் தெரியும். உள்ளங்கையால் ஒரே இடத்தைப் பத்துப் பதினைந்து முறை தேயுங்கள். அதற்குள்ளேயே பஞ்சு திரண்டால் இரண்டு வாரம் தாங்காது. பிறகு இடுப்புப் பட்டியை இழுத்து விடுங்கள். உடனே சுருங்கி இடத்துக்கு வர வேண்டும். நூல் இரண்டு புரியாக முறுக்கியதா என்று கேளுங்கள். ஒற்றைப் புரியில் பின்னியது சீக்கிரம் ஓட்டை விழும், ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளவும் செய்யும்.

கடையிலேயே மேகம் போலப் புசுபுசுவென்று இருப்பதைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். பின்னிய பிறகு அளவுக்கு மீறி அலசித் திரளவைத்தால் அப்படி வரும். நல்ல காஷ்மியர் வாங்கும்போது கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும், ஒவ்வொரு துவைப்பிலும் மென்மை கூடும்.

மெரினோவில் 17.5 முதல் 19.5 மைக்ரான் வரை உள்ளதை வெற்று உடம்பில் போடலாம். 'எனக்குக் கம்பளி ஒவ்வாமை' என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் ஒவ்வாமை இல்லை. 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் வளையாமல் சருமத்தின் நரம்பு நுனியைக் குத்துகின்றன. அப்படிப்பட்டவை நூறில் ஐந்துக்கு மேல் இருந்தாலே அரிப்பு தெரியும். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் ஒற்றிவைத்தால் தெரிந்துவிடும். உள்ளங்கையில் தெரியாது, அங்கே சருமம் தடிப்பு.

நூல்கண்டு

மெரினோ என்றே மாற்றிக்கொள்கிறேன். ஆனால் துவைப்பதுதான் பயம். ஒரே துவைப்பில் பொம்மைச் சட்டை அளவுக்குச் சுருங்கும் என்கிறார்களே? அந்துப்பூச்சிக்கு என்ன செய்வது? தேவதாருக் கட்டைகள் போதுமா?

கம்பளிமணி

சுருங்குவதற்கு வெந்நீர் மட்டும் காரணமில்லை. கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் உண்டு. ஈரத்தில் உரசல் சேரும்போது இழைகள் ஒரே திசையில் நகர்ந்து செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். பிறகு பின்வாங்க முடியாது. சூடும் காரமும் இதை வேகப்படுத்தும். ஆகவே தவிர்க்க வேண்டியது கசக்குவதையும் திடீர் வெப்ப மாற்றத்தையும்.

பெரிய தொட்டியில் 30 டிகிரிக்கு மேல் போகாத நீர், ஐந்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கம்பளிச் சோப்புத் திரவம். சாதாரணச் சலவைத்தூள் ஆகாது. அதில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி இருக்கும், கம்பளியும் புரதம்தான். ஸ்வெட்டரை உள்வெளியாகத் திருப்பி, அமுக்கி மூழ்கவைத்து, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அலசும் நீரும் அதே வெதுவெதுப்பில் இருக்கட்டும். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியிலிருந்து ஏந்துங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் நீரின் எடையில் நீண்டுவிடும். முறுக்காமல் ஒரு துண்டில் பரப்பிப் பாய் போலச் சுருட்டி முழங்கையால் அழுத்துங்கள். பிறகு அளவு பார்த்து இழுத்துவிட்டு, தட்டையாக, வெப்பமூட்டியிலிருந்து தள்ளிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிடக் கூடாது.

இதையும் அடிக்கடி செய்யத் தேவையில்லை. ஐந்தாறு முறை போட்ட பிறகு துவைத்தால் போதும். இடையில் ஓர் இரவு காற்றாட விட்டாலே வாசம் போய்விடும்.

அந்துப்பூச்சி பற்றி: பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதற்கு உண்ணும் வாயே கிடையாது. தின்பவை புழுக்கள். அவை தேடுவது கம்பளியிலுள்ள கெரட்டின் புரதத்தை. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடம் அவற்றுக்கு இன்னும் பிடிக்கும். அழுக்கோடு மடித்துவைப்பதுதான் முதல் தவறு. தேவதாருக் கட்டையை நம்பி இருக்காதீர்கள். புதிதாக இருக்கும்போது குட்டிப் புழுக்களைக் கொஞ்சம் தடுக்கும், எண்ணெய் ஆவியானதும் வெறும் மரம். ஒட்டுப்பொறிகள் ஆண் பூச்சிகளை மட்டும் பிடிக்கும். வீட்டில் பூச்சி இருக்கிறதா என்று அறிய அவை உதவும், ஒழிக்க உதவாது.

சந்தேகம் வந்த துணியைக் காற்று நீக்கிய பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த துணியின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அலமாரி மூலைகளையும் கம்பளத்தின் அடியையும் உறிஞ்சியால் சுத்தம் செய்யாமல் துணியை மட்டும் உறையவைத்துப் பயனில்லை.

தோல்வினைஞர்

பூட்ஸில் அடிப்பாகத்தை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. ஒட்டியது, பிளேக் தையல், குட்இயர் வெல்ட் என்று மூன்று வகை. குட்இயர் வெல்டில் மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல் பட்டையோடு தைத்து, அந்தப் பட்டையோடு வெளியடியைத் தனியாகத் தைப்பார்கள். அடி தேய்ந்ததும் அதை மட்டும் பிரித்து மாற்றலாம். மேல்தோல் சேதமாகாது. பிளேக்கில் தையல் உள்ளடி வழியாகவே நேராக இறங்கும். இலகுவாக, வளைந்து கொடுப்பதாக இருக்கும். ஆனால் அந்தத் துளைகள் வழியே ஈரமும் ஏறும்.

விளிம்பில் தையல் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஒட்டிய அடியிலும் ஒப்புக்கு ஒரு தையல் கோடு வார்த்திருப்பார்கள். நகத்தால் நெருடுங்கள், உண்மையான நூல் தனியாகத் தெரியும்.

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். குளிர்காலக் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் இருக்கட்டும். குதிகால் லேசாக எழும்பினால் பரவாயில்லை, தோல் பழகியதும் அடங்கும். பக்கவாட்டில் நெரித்தால் மட்டும் 'போகப் போகச் சரியாகும்' என்று வாங்காதீர்கள்.

நனைந்தால் காகிதம் திணித்து அறை வெப்பத்தில் உலர்த்துங்கள். வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் தோலிலுள்ள எண்ணெய் வற்றி வெடிக்கும், ஒட்டுப் பசையும் இளகும். சாலையில் தூவிய உப்பு வெள்ளையாகப் படிந்தால் சம அளவு நீரும் வெள்ளை வினிகரும் கலந்து துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த பிறகு தோல் கிரீம் பூசுங்கள். ஒரே பூட்ஸை அடுத்தடுத்த நாள் போடாமல் இருந்தால் அதன் ஆயுள் கூடும். உள்ளே ஊறிய வியர்வை உலர ஒரு நாளாவது வேண்டும்.

டிரெஞ்ச் கோட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அதன் துணியான கபர்டீனை தாமஸ் பர்பெரி 1879இல் உருவாக்கினார். நெருக்கமான சாய்வரி நெசவு தூறலைத் தள்ளும், கொட்டும் மழையைத் தாங்காது. கம்பளிக் கோட்டும் கிட்டத்தட்ட அதே தூறலைத் தாங்கும். மழைதான் கவலை என்றால் உள்தையல்களில் நாடா ஒட்டிய, நீர் அழுத்தத் தரம் (துணி கசியாமல் தாங்கும் நீர்த்தூணின் உயரம்) 10,000 மி.மீ. உள்ள மழைக்கோட் ஒன்று போதும்.

தறிக்காரன்

இதை வழிமொழிகிறேன். டைட்ஸ் பற்றி ஒரு வரி: டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 20 டெனியரில் கால் தெரியும், 40இல் பாதி தெரியும், 60 முதல் 80 வரை மூடும். அதே 80 டெனியர் மாநிறக் காலில் ஆழ்ந்த கறுப்பாகவும் வெளிறிய காலில் முட்டியருகே சாம்பலாகவும் தெரியும். கடையில் கையை உள்ளே விட்டு விரல்களை மடக்கிப் பாருங்கள்.

வேதிக்குடுவை

சருமப் பகுதிக்கு இன்னும் யாரும் வரவில்லை. மூன்றில் ஒன்றைத் தள்ளிவைக்கச் சொல்வேன், அது ரெட்டினால். காற்று உலர்ந்து வெப்பமூட்டி ஓடத் தொடங்கும் வாரங்களில் சருமத்தின் தடுப்புச்சுவர் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அப்போது ரெட்டினாலைப் புதிதாக ஆரம்பித்தால் உரிதலும் எரிச்சலும் வரும். மாநிறச் சருமத்தில் எரிச்சல் ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். முதலில் நான்கு வாரம் கிரீமை ஒழுங்காகப் போட்டுச் சருமத்தைத் தேற்றுங்கள். பிறகு 0.1 அல்லது 0.2 சதவீதத்தில், வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு. முதலில் கிரீம், அதன் மேல் ரெட்டினால், மறுபடி கிரீம். கர்ப்ப காலத்திலும் அதற்குத் திட்டமிடும்போதும் தொடவே கூடாது.

செராமைடு கிரீமில் செராமைடு மட்டும் இருந்தால் போதாது. சருமத்தின் மேலடுக்கில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்துதான் சுவராக நிற்கின்றன. மூன்றும் மூலப்பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிசரின் பட்டியலின் முன்பகுதியில் இருக்க வேண்டும். ஹயலூரானிக் அமில சீரத்தை மட்டும் பூசிவிட்டு நிறுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது நீரைப் பிடிக்கும், பூட்டாது. வறண்ட அறையில் பிடித்த நீர் ஆவியாகிவிடும், முகம் முன்பைவிட இறுகும். ஈர முகத்தில் பூசி, ஒரு நிமிடத்துக்குள் மேலே கிரீம் போட வேண்டும். உதடு, மூக்கோரம், விரல் மூட்டு ஆகியவற்றில் இரவு பெட்ரோலியம் ஜெல்லி. நீரிழப்பைத் தடுப்பதில் அதை மிஞ்ச விலை உயர்ந்த எதுவும் இல்லை. மென்தாலும் கற்பூரமும் உள்ள உதட்டுத் தைலம் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் வெடித்த உதட்டை மேலும் எரிச்சலூட்டும்.

குதிகால் வெடிப்புக்கு யூரியா. 10 சதவீதம் ஈரப்பதம் தரும். 20க்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைக்கும், ஆகவே முகத்துக்கு ஆகாது.

உங்கள் பட்டியலில் சன்ஸ்கிரீன் இல்லை. வெயில் குறைந்தாலும் யூ.வி.ஏ. எனும் புற ஊதாக் கதிர் மேகத்தையும் சன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். மங்கு இருப்பவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீனை எடுங்கள். நம் நிறத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைத் தூண்டும், நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் அதைத் தடுப்பதில்லை. முகம் கழுத்து இரண்டுக்கும் இரண்டு விரல் நீளம்.

லிப்ஸ்டிக்கில் செங்கல் நிறம் அருமையான தேர்வு. மேட் வகை என்றால் நிறமி அதிகம், எண்ணெய் குறைவு, உதட்டின் செதிலில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தைலம் பூசிப் பத்து நிமிடம் கழித்து ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். உதட்டோரம் இயல்பாகவே கருத்திருந்தால் உதட்டு நிறத்தைவிட ஒரு படி ஆழ்ந்த பழுப்புப் பென்சிலால் உள்ளே வரை நிரப்பினால் செங்கல் நிறம் சாம்பல் அடிக்காது.

விளக்கொளி

வீட்டுப் பொருள்கள் என் பங்கு.

மெழுகுவர்த்தியில் சோயாவா பாராஃபினா என்ற சண்டையை விடத் திரிதான் முக்கியம். விட்டம் 9 செ.மீ. தாண்டினால் ஒற்றைத் திரி விளிம்புவரை உருக்காது, இரண்டு வேண்டும். முதல் முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுதும் உருகும்வரை அணைக்காதீர்கள். 2.5 செ.மீ. விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே குழி தோண்டிக்கொண்டு இறங்கும், ஓரத்து மெழுகு வீண். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நீண்ட திரிதான் புகைக்கும் கரிக்கும் காரணம். ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம். அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் கண்ணாடி விரியும்.

போர்வையை இதோடு சேர்த்து யோசியுங்கள். அக்ரிலிக் போர்வை தீப்பட்டால் உருகிச் சருமத்தில் ஒட்டும். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் கருகித் தானே அணையும். சுமார் 130க்கு 170 செ.மீ. ஒருவருக்குப் போதும்.

ஃபிளானலில் நூல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 170 கிராம் நல்லது. முதல் துவைப்பைத் தனியாகச் செய்யுங்கள், பஞ்சு நிறைய உதிரும். துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள். அது சீவிவிட்ட இழைகளின் மேல் படிந்து வியர்வையை உறிஞ்சவிடாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வாங்க வேண்டியது ஈரப்பதமானி, விலையும் மிகக் குறைவு. 30 சதவீதத்துக்குக் கீழே காட்டினால்தான் ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கும் கருவி) தேவை. 50ஐத் தாண்டவிட்டால் சன்னலில் நீர் வழிந்து பூஞ்சை பிடிக்கும். அல்ட்ராசோனிக் (அதிர்வால் நீரைப் பனிபோலாக்கும்) வகையில் குழாய் நீர் ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் வெள்ளைப் பொடியாக மேசை, திரை எல்லாவற்றிலும் படியும். காய்ச்சி வடித்த நீர் ஊற்ற முடியாதென்றால் திரி வடிகட்டி உள்ள ஆவியாக்கும் வகையை எடுங்கள். எந்த வகையானாலும் தினமும் நீரை மாற்றி, மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தறிக்காரன்

பட்டு உறை முடி உரசலைக் குறைக்கும், அது உண்மை. மோமே எனும் பட்டுத் துணி எடை அளவில் 19 முதல் 22 வரை உள்ளதை எடுங்கள். ஒரு மோமே சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். 16க்குக் கீழே தையலோரம் பிரியும். 'சாட்டின்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது நெசவின் பெயர், பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும். துவைக்கக் கம்பளிச் சோப்பே போதும்.

வேதிக்குடுவை

இரவில் ஜெல்லியும் கெட்டிக் கிரீமும் பூசும் மாதங்களில் பட்டு உறை கறைபடும். பூசி அரை மணி நேரம் கழித்துப் படுக்க முடியாதவர்களுக்குப் பருத்தி சாட்டின் உறையே தோது. அதை வெந்நீரில் துவைக்கலாம்.

நூல்கண்டு

டிரெஞ்ச் கோட், காஷ்மியர், பட்டு உறை மூன்றையும் அடித்துவிட்டேன். ரெட்டினால் தள்ளிப்போகிறது. மெரினோ, சன்ஸ்கிரீன், ஈரப்பதமானி உள்ளே வருகின்றன. கோட்டுக்குத்தான் பெரிய தொகை, அடுத்து பூட்ஸ். கடைசிக் கேள்வி: கோட்டைப் பருவம் முழுக்க எப்படி வைத்திருப்பது? மாதம் ஒரு முறை சலவைக்குக் கொடுக்க வேண்டுமா?

தறிக்காரன்

வேண்டவே வேண்டாம். பருவ முடிவில் உள்ளே எடுத்துவைக்கும் முன் ஒரே ஒரு முறை. உலர்சலவைக் கரைப்பான் ஒவ்வொரு முறையும் கம்பளியின் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துவிடும்.

தோளில் 4 முதல் 5 செ.மீ. அகலமுள்ள மர ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பி ஹேங்கர் தோளில் முளை எழுப்பும். கழற்றியதும் பைகளைக் காலி செய்து, ஓர் இரவு திறந்த இடத்தில் தொங்கவிட்டு, பன்றிமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் துணியின் வாகில் துலக்குங்கள். காலரின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள், அந்துப்பூச்சி முட்டையிடும் இடங்களில் அதுவும் ஒன்று. மழையில் நனைந்தால் முதலில் முழுதும் காயட்டும். ஈரத்தில் துலக்கினால் சேறு இழைக்குள் இறங்கிவிடும், காய்ந்த பிறகு தட்டினாலே உதிரும். சுருக்கம் எடுக்க நீராவி மட்டும், 15 செ.மீ. தள்ளி. இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் பளபளப்புத் தடம் விழும்.

கம்பளிமணி

ஸ்வெட்டரை அந்த ஹேங்கரில் மாட்டாதீர்கள், எவ்வளவு அகலமானாலும். மடித்து அடுக்குங்கள், கனமானது அடியில்.